ஆரிப் பாய் பொறுக்கிய முப்பது குண்டுகள்

அஜ்மானிலிருந்து துபாய்க்குப் போகும் காலை பஸ்ஸில் யாரோ யாரிடமோ சொன்னாராம். துபாய் தேராவில் வேட்டைச் சாமான் கடையில் ஒரு தமிழ் ஆள் இருக்கிறாராம். ஈயக் குண்டை நாக்கில் வைத்து ருசி பார்த்தே, அது எத்தனை கஜம் நேராகப் போகும், எந்த மிருகத்தைச் சாய்க்கும் என்று சொல்லிவிடுவாராம். அரபிகளே அவரைக் கேட்காமல் துப்பாக்கியில் கை வைப்பதில்லையாம். பின் சீட்டில் இருந்து இதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் மனைவி உம்மு சல்மாவிடம் சொல்ல, உம்மு சல்மா இரண்டு மாடி ஏறி வந்து ரம்ஸியாவிடம் சொன்னாள். பஸ்காரர்கள் பேசிய அந்தத் தமிழ் ஆளின் மனைவிதான் ரம்ஸியா என்பது தெரிந்தே வந்து சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஆரிப் செருப்பைக் கழற்றுவதற்குள் ரம்ஸியா வாசலில் நின்றாள்.

"மச்சான், நாக்க நீட்டுங்க."

"எதுக்கு?"

"ஈயத்த நக்கிப் பாத்துத்தான் யாவாரம் பண்றீங்களாமே. ஊரே பேசுது."

"எந்த ஊரு?"

"பஸ்ஸு."

"போன மாசம் இதே பஸ்லதான் ஷார்ஜாவுக்குக் கப்பல் விடப்போறாங்கன்னு பேசுனாங்க. ஏறிட்டியா நீ?"

சிரித்தாலும் ரம்ஸியா விடவில்லை. சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவ வைத்த பிறகுதான் டீ வந்தது. கல்லூரிக்குப் போகும் மகள் மாஹிரா போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாப்பா, யூ ஆர் வைரல் இன் எ பஸ்," என்றாள்.

உண்மை பஸ் பேச்சைவிட வேடிக்கையானது. இருபத்து மூன்று வருஷமாகக் குண்டு விற்கும் ஆரிப், வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. அதிராம்பட்டினத்திலிருந்து வந்தபோது அவரை வேலைக்கு எடுத்தது மீன்பிடிச் சாமான் பகுதிக்கு. தூண்டில், நரம்பு, ஈயக்கட்டி. முதலாளி வேட்டைப் பகுதியைத் திறந்ததும், "உனக்குத்தான் ஈயம் தெரியுமே," என்று அங்கே நிறுத்திவிட்டார். சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. குக்கர் விசில் அடித்தால் தோள் குலுங்கும். மாஹிராவின் சின்ன வயசுப் பிறந்த நாட்களில் பலூன் உடைகிற நேரம் பார்த்து அவர் தயிர் வாங்கப் போய்விடுவார்.

ஆனால் அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. வேட்டைக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்பார். என்ன மிருகம், எவ்வளவு தூரம், எங்கே பட்டது, பட்ட பிறகு எத்தனை அடி நடந்தது. கடைசிக் கேள்வியைத்தான் அழுத்திக் கேட்பார். "ரொம்ப தூரம் போச்சா?" என்று கேட்கும்போது அவர் முகம், ஆஸ்பத்திரியில் ஆளுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறவர் முகம்போல இருக்கும். போச்சு, இரண்டு மைல் ரத்தம் சிந்திக்கொண்டே போச்சு, கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் அன்றைக்கு மத்தியானச் சோறு அவருக்கு இறங்காது. அந்தக் குண்டின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு விழும். முதலாளியே சொன்னாலும் பிறகு அதைக் கைகாட்ட மாட்டார்.

அந்த நோட்டை நம்பித்தான் ஆகஸ்டு மாசத்தில் மக்தூம் வந்தார். அறுபத்தொரு வயசு. ஜுமேராவில் வீடு, முட்டியில் வலி. பால்கன் பருந்தைப் பறக்கவிட்டே வளர்ந்த மனிதர், நவீன ரைஃபிளில் ஆப்பிரிக்கா வரை போய் வந்தவர். அமெரிக்க மலையில் எல்க் வேட்டைக்கு ஏழு வருஷமாகக் குலுக்கலில் பெயர் கொடுத்து, இந்த வருஷம்தான் சீட்டு விழுந்திருந்தது. எல்க் என்பது குதிரை உயரத்துக்கு நிற்கிற மான். ஒரு சீட்டுக்கு ஒரே மிருகம். அதுவும் மஸில்லோடரில் மட்டும்தான் சுடலாம். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி, குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்துக் கம்பியால் இடித்து இறக்குகிற துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு குண்டு. தவறினால் மறுபடி நிரப்பும்வரை மிருகம் காத்துக்கொண்டிருக்காது.

"ஆரிப் பாய், டிசம்பர்ல டாக்டர் முட்டியை வெட்டுறான். அப்புறம் மலை மாஃபி, கிடையாது. இதுதான் எனக்குக் கடைசி," என்றார் மக்தூம். அவருடைய இந்தி மலையாளிகளிடம் கற்றது. ஆரிப்பின் இந்தி பட்டான்களிடம் கற்றது. இரண்டும் நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்ளும்.

ஆரிப் பச்சைத் துணியை விரித்து மூன்று குண்டுகளை வைத்தார். ஒன்று கோலிபோல வெறும் ஈய உருண்டை. இரண்டாவது பிளாஸ்டிக் பாவாடை கட்டிய செம்புக் குண்டு. மூன்றாவது கட்டைவிரல் நுனி அளவுக்கு நீண்ட, கனத்த ஈயக் குண்டு. அதன் இடுப்பில் மூன்று பள்ளம் ஓடியது. பள்ளம் நிறைய மஞ்சளாகக் கொழுப்பு.

மக்தூமின் கை நேராக உருண்டைக்குப் போனது. "இதுதான் அசல். பழைய ஆளுங்க இதுலதான் சுட்டாங்க."

"பழைய ஆளுங்க ஒட்டகத்துலதான் ஹஜ்ஜுக்குப் போனாங்க. நீங்க எமிரேட்ஸ்லதானே போனீங்க?"

மக்தூம் சிரித்துவிட்டார். ஆரிப் சிரிக்கவில்லை. "குழல் என்ன கேக்குதுன்னு மொதல்ல பாப்போம்."

துப்பாக்கியைப் படுக்க வைத்து, துடைக்கும் கம்பியின் நுனியில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டார். உள்ளே ஓடும் சுருள் வரி துணியைப் பிடித்துத் திருப்ப, கம்பியும் மெல்லச் சுழன்றுகொண்டே இறங்கியது. முழுச் சுற்று ஒன்று சுற்றி முடிக்க எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று அளந்தார். இருபத்தெட்டு அங்குலம். இறுக்கமான சுருள். உருண்டைக்கு நிதானமான சுருள் வேண்டும், அறுபது அங்குலத்துக்கு மேல். இந்தக் குழலில் உருண்டையை வேகமாக விட்டால் வரியைப் பிடிக்காமல் வழுக்கிப் போகும். பாவாடை கட்டிய செம்பு இந்தக் குழலுக்குப் பொருந்தும், நேராகவும் போகும். ஆனால் மக்தூமின் சீட்டோடு வந்த விதித் தாளில் பிளாஸ்டிக் பாவாடை கூடாது என்று போட்டிருந்தது. அதை மக்தூம் படிக்கவில்லை. ஆரிப் இரண்டு தடவை படித்திருந்தார்.

"அப்ப இதுதான்," என்று நீள ஈயத்தைத் தள்ளினார். "மெது ஈயம். பட்டதும் காளான் மாதிரி விரியும், சிதறாது. கனம் இருக்கறதால தோளெலும்பத் தாண்டி அந்தப் பக்கம் போயிடும். கறியும் கெடாது. எண்பது கஜத்துக்குள்ள போயி நின்னு சுடுங்க. நூறுக்கு மேல ஆசப்பட வேணாம்."

"நூத்தி இருபதுல நின்னா?"

"சலாம் சொல்லிட்டுத் திரும்பி வாங்க."

"பாய், நீ எனக்குக் குண்டு விக்கிறியா, நசீஹத் விக்கிறியா?"

"புத்தி சொல்றது ஃப்ரீ."

மக்தூம் கிளப்பில் அனுமதி வாங்கி, அதே வகையில் மூன்று எடைகளைச் சுட்டுப் பார்த்து, காகித இலக்குகளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஒன்றில் மட்டும் ஐந்து ஓட்டைகளும் டீ சாஸருக்குள் அடங்கியிருந்தன. ஆரிப் அந்தக் காகிதத்தை மாஹிராவின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்த மாதிரி பார்த்தார். பிறகு அந்த எடைக் குண்டுப் பெட்டியிலிருந்த அறுபதையும் மேசையில் கொட்டினார். வார்ப்பு ஈயத்துக்குள் சில சமயம் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். பார்த்தால் தெரியாது, எடை குறையும். எடை குறைந்தது தனியாக விலகிப் போகும். ஒரே எடையில் முப்பது வேண்டும். அதற்கு நல்ல தராசு வேண்டும்.

தராசு வெங்கட்ராமனிடம் இருந்தது. தங்கச் சந்தையில் நகைக்கடையின் பின்கட்டில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர். ஆரிப்புக்குப் பதினைந்து வருஷ டீக் கூட்டாளி. அவருடைய தராசு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும்.

"ஏனுங் பாய், தங்கம் நிறுக்கற தட்டுல ஈயத்த வெக்கச் சொல்றீங்களே. எங்க மொதலாளி பாத்தா என்னைய உருக்கிப் போடுவாருங்க."

"உருக்குனா ரெண்டு குண்டு தேறும்."

"நாலு தேறுமுங்க. குடுங்க இப்படி."

ஒரு வார அவகாசம் கேட்டுக்கொண்டார் வெங்கட்ராமன். ஆனால் நான்காம் நாளே மக்தூமின் பயணம் முன்னுக்கு வந்துவிட்டது. மருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் விமானத்தில் ஏறாது, அங்கேயே வாங்கிக்கொள்வது. வெறும் ஈயத்துக்குத் தடை இல்லை. ஆரிப் அன்று கடையைவிட்டு நகர முடியாததால், ஏர்போர்ட் போகிற வழியில் நகைக்கடையில் வாங்கிக்கொள்ளும்படி மக்தூமின் டிரைவருக்குப் போன் பண்ணினார். தானே ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் ஒரு குண்டும் அதுவரை அவர் கடையைவிட்டுப் போனதில்லை. ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. வெங்கட்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மக்தூம் பறந்த மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு ஆரிப்பும் வெங்கட்ராமனும் ஆரிப்பின் கடைக்கு வெளியே கரக் டீயோடு நின்றார்கள்.

"சும்மா சொல்லக்கூடாதுங் பாய். முப்பதும் ஒண்ணு சொன்னாப்பல ஒரே எட. அரபி பொட்டியத் தொறந்தா மயங்கியிருப்பாரு. மோதிரம் வெக்கற பொட்டிலயே அடுக்கிக் குடுத்துட்டேன்."

"அல்லாஹ் பரக்கத் செய்வான் வெங்கட்."

"மொதல்ல எட ஒத்தே வரலீங்க. அப்பறம்தான் பாத்தேன், இடுப்புல எல்லாம் மஞ்சளா அழுக்கு. ஒண்ணுல நெறைய, ஒண்ணுல கம்மி. அழுக்கோட நிறுத்தா எப்படிங்க எட நிக்கும்? நகையா இருந்தா அப்படி நிறுப்பமா? சுடுதண்ணி மெஷின்ல சோப்புப் போட்டு அலசி, பிரஷ்ல தேச்சு, பொட்டு இல்லாம எடுத்துப் போட்டனுங்க. வெள்ளி மாதிரி மின்னுச்சு பாருங்க!"

ஆரிப்பின் டீ உதட்டுக்கு வராமல் நடுவழியில் நின்றது.

"எடுத்துட்டியா?"

"சுத்தமா."

"அது அழுக்கில்லடா வெங்கட். அதான் குண்டுக்கு உசிரு."

வெங்கட்ராமனின் முகம் அப்படியே சுண்டிப்போனது. அந்தக் கொழுப்பு இல்லாமல் இறக்கினால் ஈயம் குழலின் வரியில் உரசி ஒட்டும். முதல் குண்டு நேராகப் போகலாம். இரண்டாவது இறங்க அடம் பிடிக்கும். மூன்றாவது எங்கே போகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். காம்ப்புக்குப் போனதும் இரண்டு மூன்று சுட்டுப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள்தான் மலை ஏறுவேன் என்று மக்தூம் சொல்லியிருந்தார். விலகினால் குண்டைச் சந்தேகப்பட மாட்டார். ஆரிப் பாய் கொடுத்த குண்டு ஆயிற்றே! தன் கையைத்தான் சந்தேகப்படுவார். முட்டி வலி, வயசு என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு ஏறிவிடுவார். ஏழு வருஷம் காத்த ஒரே மிருகம் எண்பது கஜத்தில் நிற்கும். குண்டு தோளில் படாமல் வயிற்றில் படும். அது நடக்கும், நடந்துகொண்டே இருக்கும். அந்த நடையை ஆரிப் இங்கே கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க கூட்டிட்டுப் போற ஆளு பாத்துச் சொல்லமாட்டாருங்களா?"

"இவரு தன் துப்பாக்கிய யாரையும் தொட விடமாட்டாரு. என்னையத் தவிர."

"நானே பேசி மன்னாப்புக் கேக்கறனுங்க பாய்."

"உன் மேல தப்பில்ல. நீ உன் தொழிலச் சரியாத்தான் செஞ்சே. அத வாயால சொல்லாதது நான்." ஆரிப் போனை எடுத்திருந்தார். "இப்ப அங்க மணி என்ன?"

வெங்கட்ராமன் கணக்குப் போட்டார். "விடிகால ஆறு."

இன்றைக்குத்தான் மூன்றாம் நாள். இன்றைக்குத்தான் மலை.

முதலில் வாய்ஸ் மெஸேஜ் அனுப்பினார். "மக்தூம் பாய், குண்டைக் காய்ஞ்சபடி இறக்காதீங்க. குழலை நல்லாத் துடைங்க. தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் கலந்து பள்ளத்துல பூசுங்க. அங்க இருக்கறவங்ககிட்ட கிரீஸ் இருக்கும், கேளுங்க. எதுவும் இல்லன்னா உதட்டுக்குப் பூசுறது இருந்தாக்கூடப் போதும். இல்லன்னா இன்னிக்குச் சுடாதீங்க. நாளைக்கிச் சுடலாம். பாய், தப்பு என்னோடது, உங்க கையோடது இல்ல."

பச்சை வட்டம் சுற்றியது. ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது வரவில்லை.

"வாட்ஸ்அப்ல கூப்புடுங்க."

"இந்த ஊர்ல அந்தக் காலுக்குத் தடையாச்சே, எங்கடா போவும்?" என்று நம்பரை நேராகவே அழுத்தினார். சத்தத்தைக் காதால் தாங்க முடியாத மனிதர், ஸ்பீக்கரைப் போட்டு அளவை முழுசாகக் கூட்டினார். சில நொடி ஒன்றும் இல்லை. ரோட்டில் ஒரு டாக்ஸி ஹாரன் அடித்தது, அவர் தோள் குலுங்கவில்லை.

பிறகு மணி அடித்தது.

"போகுதுங்க பாய்! சிக்னல் இருக்குதுங்க!"

"சிக்னல் இருக்கு. எடுக்கணுமே."

அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். உள்ளேயிருந்து மலையாளி முதலாளி ஆரிப், ஆரிப் என்று கூப்பிட்டார். கடையில் ஆள் நின்றது. "ரெண்டு நிமிசம் சேட்டா," என்று திரும்பாமலே கத்தினார். ஆறிப்போன டீயை வெங்கட்ராமன் அவர் கையிலிருந்து வாங்கித் தன் கோப்பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"எடுங்க பாய்," என்றார் ஆரிப், போனைப் பார்த்து. "எடுங்க, எடுங்க."

மணி அடித்துக்கொண்டிருந்தது.