பழைய சிவப்பணுக்கள்

என் கணவர் குடியை நிறுத்திய வருடம், அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளை நாங்கள் பரீட்சை மார்க் போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வெல்டிங் வேலை. பல வருடங்களாக, ஷிஃப்ட் முடிந்தால் நண்பர்களோடு குடித்துவிட்டுத்தான் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு மெடிக்கல் செக்கப்பில் ஜிஜிடி என்கிற கல்லீரல் நொதி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பயந்துபோனவர், டாக்டரம்மாவின் கண்காணிப்பில் குடியை விட்டார்.

சில வாரங்களில் ஜிஜிடி நன்றாக இறங்கியது. ஆனால் எம்சிவி, அதாவது சிவப்பணுக்களின் பருமன், இறங்கவே இல்லை. தொடர்ந்து குடிப்பவர்களுக்கு அது கூடியிருக்கும் என்று போனில் படித்தேன். போதாக்குறைக்கு, அவர் வீட்டுக்கு வர மறுபடியும் தாமதமாகிக்கொண்டிருந்தது. மறுபடியும் குடிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"எங்க போயிட்டு வரீங்க?" என்று ஒருநாள் வாசலிலேயே கேட்டுவிட்டேன்.

"வண்டியில ஏறு" என்றார்.

திருவானைக்காவலில் ஒரு மிட்டாய்க்கடை முன்னால் வண்டி நின்றது. "வழக்கம்போல ஜாங்கிரிதானே சார்?" என்றார் கடைக்காரர்.

கணவர் தலையைச் சொறிந்தார். "குடிய விட்டதுலேருந்து சாயங்காலமானா நாக்கு இனிப்பு கேக்குது. சொன்னா நீ சிரிப்பே."

சிரித்தேன்தான். ஆனால் எம்சிவி மனதை அரித்தது. அதனால் மறுநாள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, ஜாங்கிரி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். இருவரையும் வரச் சொன்னார்.

"ஒரு சிவப்பணு கிட்டத்தட்ட நாலு மாசம் உயிரோட இருக்கும்மா" என்று என்னிடம் விளக்கினார். "இவர் குடிச்சப்ப உருவானதெல்லாம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. ஜிஜிடி சீக்கிரம் எறங்கும். இது மெதுவாத்தான்."

கணவரின் முகம் மலர்ந்தது. "அப்ப, பழைய ஆளுங்க ரிட்டயர் ஆகணும்னு சொல்லுங்க!"

"ஆமா. நீங்க ஜாங்கிரியக் குறைங்க. அடுத்த தடவை சுகரும் பாக்கணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவசரமாக ஜன்னலைப் பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்து, லேப் வாசலில் நின்றபடியே ஒரு பழைய குடி நண்பருக்குப் போன் போட்டார். "டேய், எம்சிவி நார்மலுக்கு வந்துடுச்சுடா!"

"யாருடா அது, புது மேனேஜரா?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

நடுரோடு என்றும் பாராமல் கணவர் கல்லீரலிலிருந்து ஆரம்பித்து முழுப் பாடமும் எடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகப் போகப் பயமாம். இரண்டு பேரும் ஒரே வண்டியில் கிளம்பிப் போனார்கள்.