தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்ட அழுகை

அறுபதுகளின் தொடக்கத்தில் திருவானைக்காவலில் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். பகலெல்லாம் திருச்சியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா; மற்ற நேரத்தில் எழுத்தாளன். என் கதைகளில் கடைசிப் பாராவுக்குள் யாராவது செத்துப்போவார்கள். "இந்த வாரம் யாரைக் கொன்னீங்க?" என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள். சினிமாவும் அப்படி இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். கல்யாணத்தில் முடிகிற படத்துக்குப் போனால் ஏமாந்துவிட்டதாகவே நினைப்பேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் இரண்டு வயதுப் பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. என் மனைவி அழுதுகொண்டே இருந்தாள். இருந்ததோ ஒரே அறை. பத்திரிகைக்குக் கதை அனுப்பக் கெடு நெருங்கியது. "நீ இப்படி அழுதா நான் எப்படி எழுதறது?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அன்றோடு நிறுத்திவிட்டாள். தேறிவிட்டாள் என்று நிம்மதியானேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு கொட்டகைக்கு மேட்னி ஷோவுக்குக் கிளம்பினோம். குழந்தையைப் பறிகொடுத்த தாயின் கதை என்று எனக்கு முன்பே தெரியும்.

"அழுவுற படம்னா நான் வரலைங்க," என்றாள்.

"கதைதானே, வா," என்றேன்.

கொட்டகையில் பெண்களுக்குத் தனி இடம். நடுவில் ஆள் உயரத் தடுப்பு. அதை ஒட்டி நான் உட்கார்ந்திருந்தேன். திரையில் குழந்தை இறந்ததும் அந்தப் பக்கம் பெண்கள் எல்லாரும் விசும்பினார்கள். அதில் ஒரு குரல் மட்டும் தனியாக இருந்தது. வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம். மூன்று முறை விக்கும். பிறகு மூச்சே கேட்காது. இதுவல்லவா நிஜமான அழுகை என்று எனக்கு ஒரே சந்தோஷம். கொட்டகை வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தின் பின்அட்டையில் இருட்டிலேயே குறித்துக்கொண்டேன்.

படம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் என் மனைவியின் முந்தானையைப் பார்த்தேன். நனைந்து கசங்கி, ஓரத்தில் பல் தடம் பதிந்திருந்தது. "தலைவலிங்க," என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதாவது அந்த அட்டையைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த வாரமே அதைக் கதையாக எழுதி அனுப்பினேன்.

கதை வெளிவந்தது. பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அவளும் படித்தாள்.

"வீட்ல அழக் கூடாதுன்னீங்க. அங்க போய் அழுதேன். அதையும் எடுத்துக்கிட்டீங்க," என்றாள். சண்டை போட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவளோ அரிசி களையப் போய்விட்டாள்.

பிற்பாடு எத்தனையோ சோகப் படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டோம். திரையில் ஒரு குழந்தை இருமினாலே எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. பெற்ற குழந்தைக்காக அழுவதற்குக்கூட என்னை நம்ப முடியாதபடி செய்துவிட்டேனே என்ற கசப்பு, இத்தனை கதை எழுதியும் கரையவில்லை.