கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்யாணம்

ஹிண்டாவின் இடது கால் பிறவியிலேயே உள்பக்கம் மடங்கியிருந்தது. துப்ரோவ்கா ஊர் யூதத் தெருவில் 'நொண்டி வாத்து' என்றால்தான் அவளைத் தெரியும். தலையணை வியாபாரியின் மனைவி ரைகா வீட்டில் வாத்து இறகு பிய்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஒன்பது வயதில் அப்பா, அம்மா இருவரையும் ஒரே குளிர்காலத்தில் விஷக்காய்ச்சல் கொண்டுபோனது. அன்றிலிருந்து இருபத்தேழு வயதுவரை, ஊர்க் குளியல்கூடத்துக்குப் பின்னாலிருந்த ஏழைகள் விடுதியில் பிச்சைக்காரர்களோடு படுத்து எழுந்தாள்.

எழுத்து தெரியாது. ஓய்வுநாளில் ஜெபக்கூடத்துப் பெண்கள் பகுதியில் ஒரு பெண்மணி வாசித்து அர்த்தம் சொல்வாள். அப்படிக் கேட்டதில் ஒரே ஒரு சங்கீதம் ஹிண்டாவின் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆண்டவன் என் மேய்ப்பன். சாவு நிழல் படிந்த பள்ளத்தாக்கில் நடந்தாலும் பயப்படமாட்டேன், நீ கூட இருக்கிறாய் என்று வரும். நாய் துரத்தினாலும், பனி உறைந்த பாலத்தைக் கடந்தாலும் அதைத்தான் முணுமுணுப்பாள்.

அவளுக்கு இருபத்தேழு நடந்த கோடையில் காலரா வந்தது. இரண்டு வாரத்தில் நாற்பது பிணம் விழுந்தது. ஊரே உபவாசம் இருந்து பார்த்தது, கல்லறைகளில் விழுந்து அழுது பார்த்தது. கடைசியில் பெரியவர்கள் கூடிப் பழைய வழக்கம் ஒன்றைக் கையில் எடுத்தார்கள். ஊரிலேயே கதியற்ற ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் கல்லறைத் தோட்டத்தில் வைத்துக் கல்யாணம் செய்தால் நோய் இறங்கிவிடுமாம்.

ஜெபக்கூடத்து ஊழியன் நோதே வந்து விடுதி வாசலில் நின்றான்.

"ஏய் ஹிண்டா, எழுந்திரு. உனக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு. வர்ற செவ்வாக்கிழமை கல்யாணம்."

"எனக்கா? யார் கூட?"

"கூனன் கெட்சல் கூட. சந்தையில பிச்சை எடுப்பானே, அவன்தான்."

"எங்க வச்சு?"

நோதே தாடியைச் சொறிந்தான். "உன் அப்பா அம்மா படுத்திருக்காங்களே, அங்கதான். அவங்களும் பாத்த மாதிரி இருக்கும்."

ஹிண்டா மாட்டேன் என்றாள். அன்று மாலையே ரைகா வந்துவிட்டாள். அவளுடைய பெரிய மகள் இரண்டு நாளாக வாந்தியெடுத்துக் கிடந்தாள்.

"பதினாலு வருஷமா என் வீட்டுச் சோத்தத் தின்னியேடி! என் பொண்ணு அங்க செத்துக்கிட்டிருக்கா, உனக்குக் கல்யாணம் கசக்குதா? உன்னை வேற எவன் கட்டுவான்?"

"ரைகாம்மா, எனக்குப் பயமா இருக்கு."

"பயமா? நீ செத்தா அழ யாருடி இருக்கா? உனக்கென்ன பயம்?"

செவ்வாய்க்கிழமை நண்பகலில் அவளை நடத்திக்கொண்டு போனார்கள். மணப்பெண்ணுக்கு முடி வெட்டும் வழக்கப்படி, ரைகாவே இறகு வெட்டும் கத்தரியால் அவள் கூந்தலை ஒட்ட நறுக்கினாள். அவசரத்தில் காதோரம் கீறி ரத்தம் வழிந்தது. புதிதாய் மூடிய குழிகளுக்கு நடுவே கறுப்புத் துணியில் பந்தல் கட்டியிருந்தார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது. மதுப்புட்டி கை மாறியது, பிடில்காரன் வாசித்தான். "ஆடு! ஆடு!" என்று கத்தினார்கள். யாரோ பின்னாலிருந்து தள்ளியதில் ஹிண்டா ஒரு கல்லறைக் கல்மேல் போய் விழுந்தாள். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அவள் எழுந்து, மடங்கிய காலை இழுத்து இழுத்து ஆடினாள். வாய் சங்கீதத்தை முணுமுணுத்தது, கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

கெட்சல் அவள் காதருகில் குனிந்தான். "அழாதம்மா. என் கூனைப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா உன் காலை மறந்துடுவாங்க. இரு, நான் குதிக்கிறேன்." சொன்னபடியே குதித்தான். கூட்டத்தின் பார்வை அவன்மேல் திரும்பியது.

கல்லறைத் தோட்டத்து வாசலை ஒட்டியிருந்த அறையை அவர்களுக்குக் கொடுத்தார்கள். நான்காம் நாள் ரைகாவின் மகள் இறந்தாள். அந்த வாரம் மட்டும் இன்னும் பத்தொன்பது பேர் போனார்கள். ஊர் உடனே காரணம் கண்டுபிடித்தது. மணப்பெண் பந்தலில் அழுதாள். அவள் அழுகைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சன்னல்மேல் கல் விழுந்தது. ஊரார் கொடுத்தனுப்பிய ரொட்டியும் நின்றது.

மூன்றாம் வாரம் கெட்சலுக்கு நோய் கண்டது. ஹிண்டா வாளியோடு ஊர்க் கிணற்றுக்குப் போனாள். அங்கே இரண்டு ஆண்கள் வழி மறித்தார்கள். ஒருவன் வாளியை உதைத்தான்.

"கிணத்துல கை வச்சே, இன்னொரு காலையும் ஒடிச்சிடுவேன்."

"ஒரு வாளிதாங்க. நீங்களே எறச்சு ஊத்துங்க, நான் தொடல."

"போடி! ஊரையே முழுங்கினவளே!"

ஆற்றுக்குத்தான் போக வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு அரைமணி நடை; அவளுக்குப் போய் வர மூன்று மணி நேரம். இரண்டாம் நாள் திரும்பும் வழியில் தடுக்கி விழுந்து தண்ணீர் முழுவதும் கொட்டிப்போனது. புழுதியில் உட்கார்ந்து வாய்விட்டுக் கத்தினாள்.

"நீ மேய்ப்பன்தானே? கையில கோல் வச்சிருக்கியே, அது எதுக்கு? ஓநாயை அடிக்கவா, என்னை அடிக்கவா? எங்க கூட்டிட்டுப் போற என்னை? சொல்லேன்!"

பதில் வரவில்லை. கெட்சலின் நாக்கு வறண்டு கிடக்குமே என்ற நினைப்புதான் வந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, வாளியோடு மறுபடி ஆற்றுப்பக்கம் நடந்தாள்.

கெட்சல் தண்ணீரைக் குடித்துவிட்டு, கிடந்தபடியே சிரிக்கப் பார்த்தான். "மூணு வாரப் புருஷன் நான். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவனுக்குக்கூட இந்த ஊர்ல இப்படித் தண்ணி கிடைச்சிருக்காது."

விடியும்போது அவன் உயிர் பிரிந்தது. அடக்கம் செய்யும் சங்கத்தார் பயந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஹிண்டாவே அவனைக் குளிப்பாட்டினாள். குழி வெட்டுபவன் மண்வெட்டியை மட்டும் வேலிக்கு மேலாக வீசிவிட்டுப் போனான். கூன் முதுகு நேராகப் படுக்கவில்லை. அதற்கேற்பக் குழியின் நடுவைத் தோண்டி ஆழப்படுத்தினாள். மாலைவரை ஆயிற்று. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து போயின.

முதல் பனி விழுந்ததும் காலரா தானாக அடங்கியது. ஜெபக்கூடத்தில் நன்றி சொன்னார்கள். கல்யாணம் பலித்துவிட்டது, கொஞ்சம் தாமதமாகப் பலித்தது, அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். நோதே மறுபடி வந்தான்.

"ஊருக்கு நல்லது பண்ணிட்ட ஹிண்டா. ரைகாம்மா கோபமெல்லாம் தீந்துபோச்சு. வாத்து அறுக்கிற காலம் வந்தாச்சு, வேலைக்கு வரச் சொன்னாங்க."

ஹிண்டா சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தாள். "நான் போறேன்."

"எங்க போவ? இந்தக் காலை வச்சுக்கிட்டு?"

"தெரியல. கூட்டிட்டுப் போறவருக்குத் தெரியும்."

நோதே சிரித்தான். "இதுவரைக்கும் அவர் உன்னை எங்க கூட்டிட்டு வந்தார்னு பாத்தியே!"

"பாத்தேன். ஆத்துக்குப் போனப்ப அவர் கூட வந்தார். நீங்கதான் யாரும் வரல."

ஷிட்டோமிர் நகரம் வரை ஆறு நாள் நடந்தாள். உறைபனியில் நல்ல காலின் இரண்டு விரல்கள் கறுத்துப்போக, அங்கிருந்த மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள். புண் ஆறியதும் அங்கேயே சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நோயாளிகளின் துணியைக் கொதிநீரில் போட்டு அலசும் வேலை. யாரும் செய்ய விரும்பாதது. இருபத்தேழு வருடம் செய்தாள்.

சாகக் கிடப்பவர்கள் கேட்டால் போய் அந்தச் சங்கீதத்தைச் சொல்வாள். எதிரிகள் பார்க்க எனக்கு விருந்து வைக்கிறாய் என்று வரும் வரியை மட்டும் விட்டுவிடுவாள். கூட வேலை செய்த லியூபா ஒருநாள் கேட்டதற்கு, "அவங்க பாக்க நான் சாப்பிடணும்னு எனக்கு ஆசையில்ல. அவங்க முகத்தைப் பாக்காம இருந்தாலே போதும்" என்றாள்.

நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்த ஒரு குளிர்காலத்தில், நோயாளிகளின் துணியிலிருந்த பேன் வழியாகவே விஷக்காய்ச்சல் அவளையும் பிடித்தது. படுக்கை காலியில்லை, சலவைக்கூடத் தரையில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினார்கள். லியூபா பக்கத்தில் உட்கார்ந்து, காதில் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தச் சங்கீதத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். நடுவில் நிறுத்தி, "அக்கா, பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு," என்றாள் ஹிண்டா. "நீ நிறுத்தாத, சொல்லு."