ரம்மக்காவின் கப் கேக்

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு அவர் வேலை செய்யும் இடத்தில் ‘ரம்மக்கா’ என்று பெயர். இத்தனைக்கும் ஒரு சொட்டுகூட வாயில் வைத்தவர் இல்லை. கப் கேக் சுடும்போது அதில் ரம் ஊற்றுவார், சுட்டதையெல்லாம் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவருடைய கணவர் பஸ் டிரைவர். “இத்தனை வருஷமா ஒழுங்கா வண்டி ஓட்டுறேன். கடைசியில ரம்மக்கா புருஷன்னு பேர் வாங்கிக் கொடுத்துட்டா” என்று பார்ப்பவரிடமெல்லாம் புலம்புவார். மறுநாள் விடுமுறையாக இருந்தால், புலம்பும் வாயில் அந்தக் கேக்கே இருக்கும்.

அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகள் கை பொசுக்கும் சூட்டில் வரும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடித்து, மறுபடி விலகிப் போக வேண்டும். இயந்திரச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. நெருங்கி வரும்போது மட்டும் ஒரு வரி பேசலாம். அக்காவுடன் சேர்ந்து மடிக்கிறவளை எல்லோரும் ‘ஜோடி’ என்றே கூப்பிடுவார்கள். அக்காவின் வீட்டுக் கதை முழுவதும் ஜோடிக்குத் தெரியும். எல்லாம் இப்படி வரி வரியாக, விரிப்பு விரிப்பாகத் தெரிந்துகொண்டதுதான்.

அந்தக் கதையில் பாதி அக்காவின் தம்பியைப் பற்றியது. அவன் பெயிண்டர். அம்மா போன பிறகு அக்கா வீட்டுப் பின்னறையில் வந்து தங்கினான். சுவரில் அவன் இழுத்த கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் மாலையில் ஆரம்பித்த குடி மதியத்துக்கு நகர்ந்து, மதியத்திலிருந்து காலைக்கும் வந்துவிட்டது. காலையிலேயே ஏற்றிக்கொண்டு ஏணியில் ஏறியவன் ஒருநாள் கீழே விழுந்தான். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அக்கா வேலை செய்யும் மருத்துவமனையிலேயே, அக்கா மடித்த விரிப்பிலேயே படுத்துக் கிடந்தான். கட்டைப் பிரித்ததும் யாரும் சொல்லாமல் அவனே கேட்டான்: “மாமா, என்னை அந்தக் குடி மறக்க வைக்கிற இடத்துல கொண்டுபோய் விடுங்க.” டிரைவர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனார்.

அவன் போன பிறகு அக்கா பின்னறையைச் சுத்தம் செய்தார். பாட்டில்கள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. செருப்பு டப்பாவுக்குள் ஒன்று, காலிப் பெயிண்ட் வாளிக்குள் இரண்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வரிசையே இருந்தது. எல்லாம் ரம். பாதிக்கு மேல் திறக்காதவை. கொட்டிவிடலாம் என்று முதல் பாட்டிலைச் சமையலறைத் தொட்டிமேல் சாய்த்தவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

“ஏன் நிறுத்தினீங்க?” என்று நான் பிறகு கேட்டிருக்கிறேன்.

“கோபம்தான். அது அவனை எவ்வளவு சுட்டுச்சு! நானும் பதிலுக்குச் சுடலாம்னு தோணுச்சு” என்றார் சிரித்துக்கொண்டே.

விளையாட்டாகச் சொன்னாலும் அன்றைக்கு நடந்தது அதுதான். உலர்திராட்சையை ரம்மில் ஊறப் போட்டார். கொக்கோ, முட்டை, வெண்ணெய் எல்லாம் சேர்த்து அடித்த மாவில் அதைக் கொட்டிக் கலந்தார். கேக் வெந்து வெளியே வந்ததும் சூட்டோடு மேலே ரம் கலந்த சர்க்கரைப் பாகைத் தடவினார். வாசனை எங்கள் வீட்டுக் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் கேக்கும் வந்தது. சாப்பிட்டுவிட்டு நான் வெட்கத்தை விட்டு இன்னொன்று கேட்டேன்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை அந்த வீட்டில் கேக் வெந்தது. சலவைப் பிரிவில் வேலை முடிந்து வாசலைத் தாண்டியதும் டப்பா திறக்கும். நாத்தனார் வீட்டுக்கு ஒரு டப்பா, எங்கள் கட்டடத்துக்கு ஒரு தட்டு. வயிற்றெரிச்சலில் ஆரம்பித்த காரியம் எல்லோருக்கும் சந்தோஷமாகிப் போனது. ரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

தம்பி திரும்பி வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், முகம் தெளிந்திருந்தது. ஏணி வேலை வேண்டாம் என்று ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். அவன் வந்ததும் அக்கா ரம் கேக்கை நிறுத்திவிட்டார். மிச்சமிருந்த ஒரே பாட்டிலை என் வீட்டு அலமாரியில் வைக்கக் கொடுத்தார். ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டு வெறும் கேக் சுட்டார். அவன் நன்றாகத்தான் இருந்தான். ஆனால் அவன் வீடு திரும்பும் வரை அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் டிரைவர் சலவைப் பிரிவுக்கே போன் போட்டு, “அவன் வேலை செய்யல” என்றிருக்கிறார்.

அக்கா கத்தியேவிட்டார். “ஐயோ! குடிச்சிட்டானா?”

“யாரு குடிச்சா? கேக் சுடுற அவனைச் சொல்றேன்மா. சூடே ஏற மாட்டேங்குது.”

அக்கா அங்கேயே, சுடச் சுடக் கிடந்த விரிப்புக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் தம்பியே வந்து அதன் பிளக்கைக் கழற்றிச் சரிசெய்தான். அக்கா பயந்த கதையைக் கேட்டு அவன் சிரித்தான். பிறகு, “இன்னும் பயந்துட்டேதான் இருக்கியாக்கா?” என்று மெதுவாகக் கேட்டான்.

ஜோடிக்கு அது நிறை மாதம். பிரசவ விடுப்பில் போவதற்கு முன்பு அவளையும் சலவைப் பிரிவுத் தோழிகளையும் வீட்டுக்கு அழைக்க அக்கா நினைத்தார். எல்லோரும் பழைய கேக்கைத்தான் கேட்டார்கள். அக்கா தம்பியிடமே போய் நின்றார்.

“உனக்குக் கஷ்டம்னா செய்யலடா.”

“செய்யுக்கா. எனக்காக உலகத்தையே காயப்போட முடியுமா? எனக்கு ஆரஞ்சு போட்டது தனியா வச்சிடு, போதும்.”

என் அலமாரியிலிருந்து பாட்டில் திரும்பிப் போனது. அக்கா இரண்டு விதமாகவும் சுட்டார். ரம் கேக்குக்குப் பழுப்புக் காகிதக் கப், ஆரஞ்சு கேக்குக்கு மஞ்சள் காகிதக் கப். இரண்டுக்கும் மேலே ஒரே சாக்லேட் கிரீம். தம்பிக்கும், ஜோடிக்கும், மறுநாள் காலை வண்டி எடுக்க வேண்டிய டிரைவருக்கும் மஞ்சள். மற்றவர்களுக்குப் பழுப்பு. எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு உடை மாற்றப் போனார்.

அந்த இடைவெளியில் டிரைவருக்கு உதவி செய்ய ஆசை வந்துவிட்டது.

நாங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தபோது மேசை நடுவில் பெரிய தட்டு ஒன்றில் கேக்குகள் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தன. பார்க்க அவ்வளவு அழகு. ஒன்றிலும் காகிதம் இல்லை.

“காகிதம் எங்கே?” என்றார் அக்கா.

“உரிச்சுட்டேன். வர்றவங்க உரிச்சிட்டு உட்காரணுமா? எப்படி அடுக்கியிருக்கேன் பாரு” என்றார் டிரைவர் பெருமையாக. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. “ஏன், என்ன ஆச்சு?”

விஷயம் தெரிந்ததும் ஜோடி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். “எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்” என்றார் டிரைவர்.

“எதுக்கு மாமா? இந்த மூக்குக்குத் தெரியாததா?” என்று தம்பி எழுந்து வந்தான். அக்கா தடுப்பதற்குள் முதல் கேக்கை எடுத்து முகர்ந்தான். “இது ஆரஞ்சு.” அடுத்தது. “இது அது.” எல்லோரும் கை தட்டினார்கள். இன்னொன்று, இன்னொன்று. ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். திடீரென்று அவன் கையிலிருந்ததைத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

“போதும்க்கா. இதுக்கு மேல முடியல” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

 ஜோடிதான் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “நீங்க போய் அவரைப் பாருங்கக்கா. மீதியை நான் பார்த்துக்கிறேன். எனக்கு இப்போ அடுத்த தெருவில யாராவது வெங்காயம் நறுக்கினாலே தெரியுது.”

கீழே நடந்ததை அக்கா பிறகுதான் என்னிடம் சொன்னார்.

தம்பி கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே இடுக்கியிருந்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நடுங்குதாடா?”

“கொஞ்சம். நின்னுடும்.” பிறகு கேட்டான்: “அக்கா, அது கடையில வாங்கின ரம்மா?”

அக்காவுக்கு அவனிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்ல. உன்னோடதுதான்.”

“என்னோடதா? தொட்டிக்குப் பின்னாடி வச்சிருந்தேனே, அதா?”

“அதெல்லாம் கேக்காயிடுச்சு.”

“செருப்பு டப்பாவுல இருந்தது?”

“அதுவும் கேக்குதான்.”

“பெயிண்ட் வாளி?”

“என் நாத்தனார் வீட்டுக்குப் போச்சு. அவங்க ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். “ஊரே என் சரக்கைத் தின்னிருக்கு. எனக்கு ஒரு நன்றி சொல்ல ஆள் இல்ல!” அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

“எல்லாத்தையும் எடுத்துட்டியாக்கா?”

“ஒண்ணு விடாம.”

அவன் சிரிப்பு நின்றது. “இல்லக்கா. ஒண்ணு இருக்கு.”

படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர் மீட்டர் இருக்கும் இரும்புப் பெட்டியைத் தாடையால் காட்டினான்.

“வந்த நாள்லேருந்து எனக்குத் தெரியும். இதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன், இதைத் தாண்டித்தான் வர்றேன். எடுக்கல. ஆனா இருக்குங்கிற நினைப்பு மனசுல ஒரு மூலையில உட்கார்ந்தே இருக்கும். யார்கிட்டயும் சொன்னதில்ல.”

“இப்போ ஏன்டா சொல்றே?”

“மேலேருந்து எழுந்து நேரா எங்க வந்து உட்கார்ந்திருக்கேன், பாரு. காத்து வாங்கவா வந்தேன்?”

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, ஒட்டடையை விலக்கிப் பெட்டியைத் திறந்தார். பெயிண்ட் கறை படிந்த துணியில் சுற்றியிருந்தது பாட்டில். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இதை என்னடா செய்ய?”

“சுடாதே. கொட்டிடு.”

வாசலுக்கு வெளியே சாக்கடையில் அக்கா அதைக் கவிழ்த்தார். வாடை குப்பென்று எழுந்தது. குழாயடி வாளியை எடுத்துத் தண்ணீர் பிடித்து ஊற்றினார். போதவில்லை. இன்னொரு வாளி ஊற்றினார். தம்பி எழுந்து வந்து குழாயைத் திறந்துவிட்டான். இருவரையும் தேடிக்கொண்டு டிரைவர் இறங்கி வந்தார்.

“வீடு நிறைய ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க, ரெண்டு பேரும் வாசல் கழுவுறீங்களா?”

“மாமா, மேலேருந்து இன்னொரு வாளி எடுத்துட்டு வாங்க” என்றான் தம்பி.

டிரைவர் மூக்கைச் சுருக்கினார், காலிப் பாட்டிலைப் பார்த்தார். மேலே போய் இரண்டு வாளி கொண்டுவந்தார்.

அவர்கள் ஈர உடையோடு மேலே வந்தபோது கேக்குகள் இரண்டு தட்டாகப் பிரிந்திருந்தன. ஜோடி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். தம்பி வலதுபக்கத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அவளிடம் “நிச்சயமா?” என்று கேட்டான். “சந்தேகமா? அதுல நானே மூணு தின்னுட்டேன்” என்றாள் அவள். அவன் சாப்பிட்டான்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிடவில்லை. சில மாதம் கழித்து, மழைக்காலத்தில் அவன் ஒருமுறை சறுக்கினான். ஆனால் ஒளியவில்லை. தெருமுனையிலிருந்து அவனே மாமாவுக்குப் போன் செய்தான். டிரைவர் முன்புபோலவே மறுபேச்சில்லாமல் அழைத்துக்கொண்டு போனார். பெயிண்ட் கடைக்காரர் அவன் வேலையைக் காலியாகவே வைத்திருந்தார். அவன் கலக்கிற நிறம் வேறு யாருக்கும் வரவில்லையாம். திரும்பி வந்தவன் அதற்குப் பிறகு தொடவில்லை. தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு, விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்கு வருகிறான்.

ரம் கேக் இப்போதும் உண்டு. ஜோடிக்குக் குழந்தை பிறந்து அவள் வேலைக்குத் திரும்பிய பிறகு, அவள் வீட்டுச் சமையலறையில் இருவருமாகச் சுடுகிறார்கள். பாட்டிலும் அங்கேதான் இருக்கிறது. அந்த அடுப்பு சின்னது. முதல் தடவை அடி கருகிவிட்டது. அதையும் ஜோடியின் கணவர் விடவில்லை. அக்கா வீட்டில் ஆரஞ்சு மட்டும். தோல் துருவுவது தம்பியின் வேலை.

போன வாரம் துருவிக்கொண்டே, “அக்கா, ஒரு டப்பா நிறைய தனியா வேணும்” என்றான்.

“யாருக்குடா?”

“கடையில கணக்குப் பார்க்கிறவங்களுக்கு.”

“ஒருத்தங்களுக்கு ஒரு டப்பாவா?”

“அவங்க வீட்டுல அம்மா, தங்கச்சி எல்லாம் இருக்காங்கல்ல.”

“ஓஹோ, வீடு வரைக்கும் தெரியுமா?” என்று உள்ளறையிலிருந்து டிரைவரின் குரல் வந்தது.

தம்பியின் காது மடல் சிவந்தது. குனிந்து இன்னும் வேகமாகத் துருவினான். அக்கா கிண்ணத்தை இழுத்து வைத்து முட்டைகளை உடைக்க ஆரம்பித்தார்.