மரியாதையான அல்சர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு அல்சர் வந்தது. வயிற்றில் அல்ல. பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரையும் வேலைக்குப் போகாமல், குளிக்காமல், மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன். கடைசியில் என் கணவர் பாண்டிச்சேரியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். மனச்சோர்வு, மருந்தில் சரியாகும் என்றார் அவர்.

அதை விருத்தாசலத்தில் வெளியே சொல்ல முடியுமா? "பைத்தியக்கார டாக்டருகிட்ட போறது தெரிஞ்சா வூட்டு மானம் போயிடும்" என்று என் மாமியார் ஒரே மூச்சில் அதை அல்சர் ஆக்கிவிட்டார். அல்சருக்குத்தான் எங்கள் தெருவில் என்ன மரியாதை! நான் செத்துப்போகலாமா என்று யோசித்த நாட்களில் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் மோரும் மணத்தக்காளிக் கீரையுமாக வந்தார்கள். "மனசுல ஒண்ணும் வச்சிக்காதம்மா, வயிறுதானே" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா தேற்றினார். மாத்திரை வேலை செய்து நான் மறுபடி பிரஷ்ஷைப் பிடித்தபோது நல்ல பேரெல்லாம் கீரைக்குப் போனது. மாமியாரும் கூச்சமில்லாமல் ஆமாம் போட்டார்.

அவருக்கோ மிளகாய் இல்லாமல் சோறு இறங்காது. கல்லைத் தின்றாலும் செரிக்கும். அடுத்த வருஷம் ஒரு நாள், நான் பாண்டிக்குக் கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, எனக்கும் அந்த அல்சருதான் போலருக்குது. சும்மா சும்மா அழுவையா வருது."

மோர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ரெண்டு டிக்கெட் எடுத்தேன்.