இருபத்து மூன்றாவது செருப்பு

எங்கள் மழலையர் பள்ளியில் புது வருஷத்தின் முதல் நாள் அம்மாக்கள் ஒரு காலில் செருப்போடுதான் வீடு திரும்புவார்கள். எல்லாம் ஆயாம்மாவின் வேலை. அழுகிற பிள்ளையின் அம்மாவிடம் இடக்கால் செருப்பை வாங்கிக் கழுவித் துடைத்து, கரும்பலகைக்குக் கீழே அலமாரியில் வைத்துவிடுவாள்.

"பாத்தியா செல்லம்? அம்மா செருப்பு இங்கதான் இருக்கு. இத வாங்க வராம எங்க போயிடுவா?"

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு செருப்பையே பார்க்கும். அழுகை மெல்ல அடங்கும். விவரமான அம்மாக்கள் பையில் இன்னொரு ஜோடி கொண்டுவந்துவிடுவார்கள்.

வகுப்புக்குள் செருப்பா என்று தலைமையாசிரியை முதல் வருஷம் தாம்தூம் என்று குதித்தார். அலறுகிற கூட்டத்தை ஒரு மணி நேரம் தனியாகச் சமாளித்துப் பார்த்த பிறகு வாயே திறக்கவில்லை. நான் அந்த வகுப்பு டீச்சர். பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியும் எனக்கு இந்த யோசனை தோன்றவில்லையே என்று இன்றைக்கும் எரிச்சல்தான்.

ஊருக்கே தைரியம் சொல்கிற ஆயாம்மாவுக்குத் தன் மகள் விஷயத்தில் மட்டும் பயம்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் காலையில் வேலைக்குப் போன புருஷன் விபத்தில் போய்விட்டான். அன்றிலிருந்து மகளைக் கண்ணைவிட்டு அகல விட்டதில்லை. மகள் படித்த பள்ளி எங்கள் சுவரை ஒட்டியே இருந்ததால் இடைவேளைதோறும் எட்டிப் பார்த்துக்கொள்வாள். இந்த வருஷம் ஆறாம் வகுப்பு. பெரிய பள்ளிக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தனியாகப் போக வேண்டும். எங்களுக்கும் அன்றைக்கே முதல் நாள் என்பதால் ஆயாம்மாவால் இங்கிருந்து நகர முடியாது.

"ஒரு வருஷம் வீட்லயே இருக்கட்டும் டீச்சர். அப்புறம் பாத்துக்கலாம்."

"அடுத்தவங்க புள்ளைங்களுக்கு மட்டும்தான் தைரியம் சொல்லுவியா?" என்று சூடாகவே கேட்டுவிட்டேன். அவள் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

முதல் நாள் காலை ஏழரைக்கு, புதுச் சீருடையும் ஷூவுமாக மகள் வந்து நின்றாள். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம். அம்மா அவள் பையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"தலைவலின்னு லீவு போட்டுக்கலாம் கண்ணு."

"எனக்கு ஒண்ணும் வலிக்கல."

மகள் பையைத் திறந்து, வீட்டில் போடுகிற ரப்பர் செருப்பை எடுத்தாள்; இடக்கால் செருப்பை மட்டும் கொண்டுவந்திருந்தாள். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது, கழுவித் துடைத்திருந்தாள். அதைக் காலி அலமாரியில் வைத்தாள்.

"இத வாங்க வராம எங்க போயிடுவேன்மா?"

ஆயாம்மாவின் கை தளர்ந்தது. மகள் பஸ்ஸுக்கு ஓடினாள். நான் சாக்பீஸ் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மதியம் இருபத்திரண்டு அம்மாக்களும் செருப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். அது ஒன்று மட்டும் மிஞ்சியது. அதற்கெதிரே பெஞ்சில் ஆயாம்மா உட்கார்ந்திருந்தாள். நானும் வீட்டுக்குப் போகவில்லை.

ஐந்தே காலுக்கு மகள் நொண்டிக்கொண்டே வந்தாள்.

"என் செருப்பக் குடும்மா. ஷூ கடிக்குது."

இடக்காலுக்குச் செருப்பு கிடைத்தது. வலக்காலுக்கு ஆயாம்மா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். மற்ற அம்மாக்களைப் போல அவளும் அன்று ஒற்றைச் செருப்போடுதான் வீட்டுக்கு நடந்தாள்.