காசிமேட்டு ஏலத்தில் ஒரு ப்ளூடூத்

ப்ளூடூத் ஹெட்செட் எங்கள் பக்கம் வந்த புதிதில் நான் ராயபுரத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்று வாங்கப் போனபோது பர்மா பஜார் கடைக்காரர் பெரிதும் சிறிதுமாகப் பல மாடல்களை எடுத்துப் போட்டார். ஆகச் சிறியதை எடுத்துக்கொண்டேன். காதோரம் முடியை இழுத்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அதில் எனக்கு அப்படியொரு பெருமை.

மறுநாள் விடியற்காலையில் அதை மாட்டிக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போனேன். அங்கே ஏலம் கேட்க வாயைத் திறக்க வேண்டாம், தலையசைத்தாலே விலை ஏறிவிடும். ஒரு குவியல் கெளுத்தி ஏலம் போய்க்கொண்டிருந்தபோது மனைவி கூப்பிட்டாள்.

“சங்கரா மட்டும் வாங்கு. கெளுத்தி வாணாம். போன தபா ஒருத்தரும் தொடல, நெனப்பு கீதுல்ல?”

கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம், ஒவ்வொன்றுக்கும் பலமாகத் தலையாட்டினேன். அவள் பேசி முடித்தபோது கெளுத்திக் குவியல் மொத்தமும் என் தலையில் விழுந்திருந்தது.

“நான் எங்க கேட்டேன்?” என்று ஏலம் விட்ட அக்காவிடம் பாய்ந்தேன்.

“பூம்பூம் மாடு மாரி ஆட்டிக்கினு இருந்தியேப்பா!”

காதிலிருந்ததைக் கழற்றிக் காட்டினேன். “அது எம் பொண்டாட்டிக்கு ஆட்னது!”

“வூட்ல கீறவளுக்கு நீ ஆட்றது எப்டி தெரியும்?”

பணத்தை எண்ணிக் கொடுத்தேன். கெளுத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலையே பஜாருக்கு ஓடி, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, தலைக்கு மேல் பட்டை வைத்த பெரியதாக ஒன்றைக் கேட்டேன்.

“இத்த எடுத்துக்கோ. மைக்கு சூப்பரா கீது, நீ பேசறது தெளிவா கேக்கும்” என்றார் கடைக்காரர்.

“அவ கூப்ட்டா நான் எங்க பேசப் போறேன்?” என்றேன்.